யாழ்ப்பாணம் போன்ற சிறிய நகரத்துக்கென்று தனிப் பத்திரிகை இன்னும் தேவையா?

தேவை. எல்லாம் போனில் வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அம்மம்மா பேப்பரைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது மரண அறிவித்தலைத்தான். 'கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும் ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை வாசிப்பார். இன்னாரின் மருமகள் என்றால் எங்களுக்கு என்ன முறை, செத்தவீட்டுக்கு யார் யார் போக வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். அந்தச் செய்தியைக் கொழும்புப் பேப்பரில் தேட முடியாது.

வீரகேசரி 1930இல் வந்தது, தினகரன் 1932இல். இரண்டும் கொழும்பில் அச்சானவை. யாழ்ப்பாணத்திலேயே அச்சான ஈழநாடு 1959இல்தான் தொடங்கியது. 1981இல் நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தார்கள். நூலகத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அந்தப் பத்திரிகையை ஏன் இவ்வளவு சுலபமாக மறந்தோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

1985இல் உதயன் வந்தது. 1990இல் ரயிலும் நின்று, மின்சாரமும் போனது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் லண்டன் பிபிசி வானொலி கேட்டோம். போர் எங்கே நடக்கிறது என்று வானொலி சொல்லும். எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று லண்டனிலிருந்து சொல்ல முடியுமா? 2006 மே 2ஆம் தேதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் எங்களைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டதும் அச்சுத்தாளுக்கே தட்டுப்பாடு. பக்கங்கள் குறைந்தன, பேப்பர் நிற்கவில்லை. வாசிகசாலையில் அந்த மெலிந்த பேப்பரை நாலு பேர் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வாசித்ததைப் பார்த்திருக்கிறேன்.

போர் முடிந்த பிறகும் தேவை குறையவில்லை. சுன்னாகம் பக்கம் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு அது தூரத்துச் செய்தி. எங்களுக்கோ நாளைக்கு எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது என்ற கேள்வி.

சரி, போனில் வரும் செய்தித் தளங்கள்? வேகம் இருக்கிறது. ஆனால் எங்கள் அயலில் ஒரு பொடியன் விபத்தில் இறந்தபோது, அவனுடைய தாய்க்குச் சொல்ல ஆள் போவதற்கு முன்பே ஒரு தளத்தில் படம் வந்துவிட்டது. அந்தத் தாய் அதைப் போனில்தான் பார்த்தார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அச்சுப் பத்திரிகைகளும் பிழை விடும், பாதிக்கப்பட்ட பெண்ணின் ஊரையும் தெருவையும் போட்டு எழுதும் கெட்ட பழக்கம் அவற்றிலும் உண்டு. ஆனால் அங்கே நேரே போய்ச் சண்டை பிடிக்க ஒரு கதவாவது இருக்கிறது.

அம்மம்மா காலமானபோது அறிவித்தலை நான்தான் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் காலை, யாருக்கும் தெரியாத ஒரு வயதானவர் மடித்த பேப்பரோடு படலையில் நின்றார். அம்மம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவராம். பருத்தித்துறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.