ஏலத்தில் வரும் பால்கனி அம்மாவுக்கு உதவுமா?

கேள்வி: சியாட்டிலில் வேலை பார்க்கிறேன். வரும் ஜூன் மாதம் கும்பகோணத்திலிருந்து அப்பா (71), அம்மா (66) வருகிறார்கள். அவர்களோடு நான், மனைவி, 9, 6 வயதில் இரண்டு பிள்ளைகள் என ஆறு பேரும் சியாட்டிலிலிருந்து கிளம்பும் ஏழு இரவு அலாஸ்கா கப்பலில் போகிறோம். எட்டாவது தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், பக்கத்துப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத இரண்டு உள் அறைகள் போட்டிருக்கிறோம். இப்போது, ‘ஏலம் கேளுங்கள், பால்கனி அறை கிடைக்கலாம்’ என்று கப்பல் நிறுவனம் மெயில் அனுப்பியிருக்கிறது. குறைந்தபட்சத் தொகை ஓர் ஆளுக்கு 220 டாலர். நேரடியாக மாற்றிக்கொண்டால் ஓர் ஆளுக்கு 350 டாலர் கூடுதல் என்று இணையதளம் காட்டுகிறது. கடைசித் தவணை கட்ட மார்ச் வரை நேரம் இருக்கிறது. அம்மாவுக்கு பஸ்ஸில் போனாலே தலை சுற்றும், வாந்தி வரும். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஏலம் கேட்கலாமா? இருக்கிற அறையே போதுமா?

பதில்: ஏலம் கேட்காதீர்கள். அப்பா அம்மா அறையை மட்டும் முழு வித்தியாசத்தையும் கட்டி பால்கனி அறையாக மாற்றிவிடுங்கள். உங்கள் நாலு பேருக்கும் உள் அறையே போதும்.

முதலில் இந்த ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ராயல் கரீபியனில் இதற்கு ‘ராயல்அப்’ என்று பெயர், நார்வீஜியனில் ‘அப்கிரேட் அட்வான்டேஜ்’. மற்ற பல நிறுவனங்களும் வேறு பெயர்களில் நடத்துகின்றன. பிசினஸ் கிளாஸ் இருக்கைக்கு விலை கேட்கச் சொல்லி விமான நிறுவனங்கள் மெயில் அனுப்புகின்றனவே, அதே முறைதான். கப்பல் கிளம்பும் நாள் நெருங்கும்போது விற்காமல் நிற்கும் அறைகளை, கேட்ட தொகையைப் பார்த்து ஒதுக்குவார்கள். ஒதுக்கும் வரை உங்கள் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். ஒதுக்கிவிட்டால் கார்டில் பணம் போய்விடும், திரும்ப வராது. ‘இந்த அறை பிடிக்கவில்லை, பழைய அறையையே கொடுங்கள்’ என்று கேட்க வழியில்லை.

மெயிலில் காட்டும் 220 டாலர் ஓர் ஆளுக்கு. ஓர் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டு 440 எடுப்பார்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் எடுப்பதில்லை. தனியாகப் போகிறவர் கேட்டாலும் இரண்டு ஆள் பணம்தான். ஆக, உங்கள் இரண்டு அறைகளுக்கும் சேர்த்து 880 டாலர். இரண்டு அறைகளையும் தனித்தனி ஏலமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். இரண்டுமே கிடைத்து, அம்மா ஒன்பதாம் தளத்தின் ஒரு முனையிலும் நீங்கள் ஆறாம் தளத்தின் மறு முனையிலும் இருக்கலாம். நாலு பேர் படுக்கும் பால்கனி அறைகள் எண்ணிக்கையிலும் குறைவு, விடுமுறைக் காலத்தில் முதலில் தீர்ந்துபோவதும் அவைதான்.

ஏலத்தில் ஜெயித்தால் உங்களுக்குக் கிடைப்பது பால்கனி என்ற ‘வகை’ மட்டுமே. இன்று உங்கள் கையில் இருக்கிற ‘இடத்தை’ அதற்காக விட்டுக்கொடுக்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்கு வகையைவிட இடம் பெரிது.

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கும் சீட் அவ்வளவு தூக்கிப் போடாது. கப்பலிலும் அப்படித்தான். அலை முன்னாலிருந்து வரும்போது கப்பலின் முன்முனையான அணியம் மேலே எழும்பி இறங்கும், பின்பக்கம் அதற்கு எதிராக ஆடும். நடுப்பகுதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். உயரமும் கணக்கில் வரும். தென்னையின் அடிமரம் அசையாமல் நிற்கும்போதும் தலை ஆடிக்கொண்டிருக்கிறது அல்லவா, மேல் தளங்களின் கதை அதுதான். நடுவில், கூடியவரை கீழ்த் தளத்தில் உள்ள அறைதான் தலைசுற்றல் உள்ளவருக்கு ஏற்றது. ஆட்கள் விரும்பிக் கேட்கிற நடுப்பகுதி அறைகள் முதலில் விற்றுவிடும். ஏலத்துக்கு மிஞ்சுவதில் முனை அறைகள் நிறைய இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வயதான தம்பதியை நானே ஏலம் கேட்கச் சொன்னேன். குறைந்த தொகைக்கே பால்கனி கிடைத்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அறை இருந்தது மேல் தளத்தில், அணியத்தை ஒட்டி. அந்த அம்மாள் முதல் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை, பால்கனிக் கதவைத் திறக்கவே இல்லை. அறை எங்கே விழும் என்று யோசிக்காமல் விலையை மட்டும் பார்த்துச் சொன்னது என் தவறு. அதன் பிறகு தலைசுற்றல் உள்ள யாருக்கும் ஏலத்தை நான் சிபாரிசு செய்ததில்லை.

உங்கள் பயணத்தில் இது இன்னும் முக்கியம். வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே, காற்றுக்கு மறைவான நீரில் வடக்கே போகும். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் ஹுவான் டி ஃபுகா நீரிணை வழியாக வெளியே வந்து, தீவின் மேற்கே திறந்த பசிபிக்கில் ஏறும். அதனால் முதல் இரவும் இரண்டாம் நாளும் அலை இருக்கலாம், திரும்பும்போதும் அப்படியே. நடுவில் உள்ள நாட்கள், அதாவது ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் பக்கம், பெரும்பாலும் தீவுகளுக்கு இடையே அமைதியாகப் போகும். தலைசுற்றலுக்கு எந்த மாத்திரை, எப்போது போடுவது என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அம்மாவின் மருத்துவரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள். வாந்தி வந்த பிறகு போடுகிற மாத்திரை வயிற்றில் தங்காது. பையில் இஞ்சி மரப்பாவும் இருக்கட்டும்.

இருக்கிற உள் அறையே நடுப்பகுதியில்தானே இருக்கிறது, பிறகு எதற்கு 700 டாலர் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கோ ஃபூகெட்டுக்கோ மூன்று, நாலு இரவு போகிற பயணம் என்றால், மாற்றவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அங்கே வெளியே புழுக்கம். சுற்றிலும் வெறும் கடல். பகலெல்லாம் நீச்சல்குளத்திலும் சாப்பாட்டு ஹாலிலும் இருந்துவிட்டு, அறைக்குத் தூங்கத்தான் வருவோம்.

அலாஸ்கா அப்படியல்ல. கரை கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே வரும். பனி மலையும் அருவியும் ஊசியிலைக் காடும் மணிக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜூனில் ஜூனோ பக்கம் சூரியன் இரவு பத்து மணி சுமாருக்குத்தான் மறையும். சாப்பிட்டு முடித்த பிறகும் இரண்டு மூன்று மணி நேர வெளிச்சம் மிச்சம். காலை நாலு மணிக்குக் காபி தேடுகிற நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த நேரத்திலும் விடிந்திருக்கும். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு, படுக்கையிலிருந்து நாலு எட்டு நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். குளிர் தாங்கவில்லை என்றால் கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு உள்ளேயிருந்தே பார்க்கலாம்.

பனியாற்று நாளில் இதன் அருமை தெரியும். உங்கள் கப்பல் எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடற்கழி வழியாக டாஸ் பனியாற்றுக்குப் போகலாம், அல்லது கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் போகலாம். கிளேசியர் பேயில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. எங்கே போனாலும் மேல் தளம் கூட்டத்தால் நிரம்பிவிடும். அரை மணி முன்னால் போய்க் குளிர்காற்றில் நின்றால்தான் கம்பி ஓரம் கிடைக்கும். முழங்கால் வலியோடு அப்பா அங்கே எவ்வளவு நேரம் நிற்பார்? பனியாற்றின் முன்னால் கேப்டன் கப்பலை மெதுவாகச் சுற்றித் திருப்புவார், அதனால் எந்தப் பக்கத்துப் பால்கனிக்கும் முறை வந்துவிடும். பனிச்சுவர் பிளந்து கடலில் விழும் ஓசையை அந்த மண்ணின் டிலிங்கிட் மக்கள் ‘வெள்ளை இடி’ என்கிறார்கள். கூட்டத்தின் சத்தம் இல்லாத பால்கனியில் உட்கார்ந்து அதைக் கேட்பது தனி அனுபவம்.

பால்கனியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அதிலிருந்து ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கம் திமிங்கலம் எழும்பினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கெட்சிகன் அமெரிக்காவிலேயே அதிகம் மழை கொட்டும் ஊர்களில் ஒன்று, அங்கே பால்கனி நாற்காலி நனைந்தே கிடக்கலாம். அறையின் உள் அளவும் பெரிதாக மாறாது. பல கப்பல்களில் உள் அறைக்கும் பால்கனி அறைக்கும் வித்தியாசம் அதிகமில்லை. கூடுதல் பணம் பெரும்பாலும் அந்தச் சின்னத் திண்ணைக்கும் வெளிச்சத்துக்குமே போகிறது. ஆனால் தொடுவானம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் தலைசுற்றல் குறையும், அம்மாவுக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

சரி, உங்கள் நாலு பேருக்கும் ஏன் வேண்டாம்? 9, 6 வயதுப் பிள்ளைகள் அறையில் தங்கப் போவதில்லை. இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் ஊரில் அவர்களைத் தூங்க வைப்பதுதான் பெரிய வேலை. ஜன்னல் இல்லாத அறை விளக்கை அணைத்ததும் கும்மிருட்டாகிவிடும், அந்த இருட்டு உங்களுக்கு வரம். அதோடு, பல கப்பல்களில் பால்கனி அறைகளுக்கு எதிர்ச்சாரியில், நடைபாதைக்கு அந்தப் பக்கமே உள் அறைகள் இருக்கும். கதவைத் திறந்து நாலு அடி வைத்தால் தாத்தா பாட்டி அறை. ஒரு பால்கனிக்குப் பணம் கட்டி ஆறு பேரும் அனுபவிக்கலாம். இரண்டு ஏலத்துக்கு 880, உறுதியான ஓர் அறைக்கு 700. மிஞ்சும் 180 டாலரோடு இன்னும் கொஞ்சம் போட்டு, ஜூனோவின் ஆக் பேயிலிருந்து கிளம்பும் திமிங்கலப் படகில் ஏறுங்கள். குளிர்காலத்தை ஹவாயில் கழித்த கூன்முதுகுத் திமிங்கலங்கள் கோடையில் இரை தேடி அங்கேதான் வருகின்றன. மலை ரயில் பிடிக்குமென்றால் ஸ்காக்வேயில் வொயிட் பாஸ் ரயில் இருக்கிறது. தங்க வேட்டைக் காலத்தில் 1898-ல் போடத் தொடங்கிய பாதை, உட்கார்ந்தபடியே போகலாம் என்பதால் அப்பாவுக்கும் சிரமமில்லை.

பிள்ளைகள் பால்கனிக்கு வரும்போது மட்டும் மிகக் கவனமாக இருங்கள். நாற்காலியை ஒருபோதும் கம்பியை ஒட்டிப் போடக் கூடாது. பெரியவர் ஒருவர் இல்லாமல் அந்தக் கதவு திறக்கக் கூடாது என்பதைக் கப்பல் ஏறுமுன் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

அறையை மாற்றுவதற்கு இணையதளத்தில் பொத்தானை அழுத்தாமல் போனில் பேசுங்கள், அல்லது டிக்கெட் போட்ட ஏஜென்டிடம் சொல்லுங்கள். கடைசித் தவணை கட்டாததால் இன்றைய விலைக்கு மாற்ற உங்களுக்கு வழி இருக்கிறது. அதே பேச்சில், ஏற்கெனவே போட்ட உள் அறையின் விலை இப்போது இறங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். இறங்கியிருந்தால் பல நிறுவனங்கள் தவணைக்கு முன் குறைத்துத் தருகின்றன. ‘கேரண்டி’ என்று சொல்லி விலை குறைத்தால் ஏமாறாதீர்கள். வகை உறுதி, அறை எண் பிறகு என்று பொருள். அது ஏலத்துக்குத் தம்பி.

அறை எண் கையில் வந்ததும் அந்தக் கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து, மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் நேராக என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும், கீழே தியேட்டரோ பாட்டு மேடையோ இருந்தால் நடு இரவு வரை அதிரும். பால்கனிக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கினால் கடல் மறையும். கைப்பிடிச் சுவர் கண்ணாடியா இரும்பா என்றும் கேளுங்கள். இரும்பு என்றால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குச் சுவர்தான் தெரியும். லிஃப்ட்டுக்கு அருகில் இருப்பது அப்பாவின் முழங்காலுக்கு நல்லது, ஆனால் லிஃப்ட்டுக்கு நேர் எதிரில் வேண்டாம். இவ்வளவும் அமைந்த அறை உங்கள் தேதியில் தீர்ந்துபோய், முனையில்தான் பால்கனி இருக்கிறது என்று சொன்னால், மாற்ற வேண்டாம். இப்போது இருக்கிற நடுப்பகுதி உள் அறையையே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, அறையைவிட அவசரம். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல்கள் சியாட்டிலில் ஆள் ஏற்றி அங்கேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்பது 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். அதனால்தான் உங்கள் பயணத்தில் ஒரு மாலை கனடாவின் விக்டோரியா வருகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் அப்பா அம்மாவுக்கு, கரையில் இறங்காவிட்டாலும், கனடா விசா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே ஏற்ற மாட்டார்கள். அவர்களுடைய அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்றும் பாருங்கள். விசா வர எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள். பால்கனிப் பணத்தை அதன் பிறகு கட்டலாம், மார்ச் வரை நேரம் இருக்கிறது.