மதுரைப் பக்கம் பசுமைக்குடில் போட்டு வெயில் தாங்கும் பூச்செடி வளர்த்து விற்றால் கட்டுப்படியாகுமா?

கேட்டவர் கையில் ஏற்கெனவே ஒரு பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பசுமைக்குடில், கொட்டேஷன் இருக்கும் என்று நினைக்கிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அழகர்கோவில் ரோட்டில் நர்சரி நடத்துகிறேன். தொட்டிச்செடி வியாபாரம்தான், உதிரிப்பூ கிடையாது. அதனால் மல்லிக்காரர்கள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். மதுரை மல்லிக்கு 2013லேயே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. அது வெட்டவெளியில் நின்று பூக்கிற செடி, அதற்குக் கூரையே தேவையில்லை.

என்னிடமும் பாலிஹவுஸ் போட்டுத் தருகிற ஒரு பையன் வந்தான். 200 மைக்ரான் ஷீட், உள்ளே ஜெர்பரா பூ, ஓசூரில் எல்லாரும் சம்பாதிக்கிறார்கள் அக்கா என்றான். "தம்பி, ஓசூர் மூவாயிரம் அடி உயரத்துல இருக்கு, வெயில் அவ்வளவு தெரியாது. நம்ம ஊர் முந்நூறு சொச்சம்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவன் ஓசூர் பேச்சை எடுக்கவில்லை, மானியத்துக்குத் தாவிவிட்டான். ஆமாம், 50 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் அது அரசு நிர்ணயித்த செலவில் பாதி. நீங்கள் கட்டி முடிக்கிற பில்லில் பாதி என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஷீட் வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. குளிர் தேசத்துக்காரனுக்கு அது வரம். சித்திரையில் 40 டிகிரி கொளுத்துகிற ஊரில் அதை வைத்து என்ன செய்வது? பக்கவாட்டைத் திறந்துவிட்டாலும் வெளியைவிட உள்ளே சூடு கூடத்தான் இருக்கும். காய்ந்த சூட்டில் இலைச்சாற்றை உறிஞ்சுகிற செம்பேன் வேறு கிடுகிடுவென்று பெருகும். ஃபேனும், காற்றைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓடுகிற ஈரத்தட்டியும் போட்டால் ஆகாதா என்று இப்போது ஒருவர் கமெண்ட் போடுவார். ஆகும் சார், மறுக்கவில்லை. வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும். கரண்ட் பில்லை யார் கட்டுவது? மே மாத மத்தியானம் கரண்ட் போனால், ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கும்வரைக்கும் உள்ளே செடி வெந்துகொண்டிருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தட்டியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கொஞ்ச நாளில் அடைத்துக்கொள்ளும்.

நான் போட்டது பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீத நிழல்வலை, நல்ல உயரத்தில். குழித்தட்டில் முளைக்கிற நாற்றுக்கும், தொட்டிக்கு மாற்றிய புதுசுக்கும் மட்டும்தான் அது. வேர் பிடித்ததும் நித்தியகல்யாணி, பத்துமணிப் பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் படிப்படியாக முழு வெயிலுக்குப் போய்விடும். கடைசிவரை வலைக்குள்ளேயே வைத்திருந்தால் செடி நெடுநெடுவென்று வளரும், பூ குறையும், வாங்கிப்போனவர் மொட்டைமாடியில் வைத்த ரெண்டாம் நாள் துவண்டுவிடும். வெயில் தாங்கும் செடி என்று விற்பவர் அதை வெயிலில் பழக்கித்தான் விற்க வேண்டும். என் கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஷீட்டே வேண்டாமா என்றால், கொஞ்சம் வேண்டும், மழைக்கு. வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கிற நித்தியகல்யாணி ஐப்பசி அடைமழையில் தண்டு கருகி அழுகிப்போகும். பாலைவன ரோஜா என்கிற அடீனியமும் ஈரம் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அதற்காக ஒரு ஓரத்தில் நாலு பக்கமும் திறந்த கூரையாக ஷீட் போட்டிருக்கிறேன். மற்றபடி இங்கே பணத்தைக் கூரையில் கொட்டுவதைவிடத் தண்ணீரிலும் மண்கலவையிலும் போடுவது மேல். மண்கலவையில் சேர்க்கிற தென்னை நார்க்கழிவை நன்றாகக் கழுவி உப்பு எடுக்காமல் நாற்று விடாதீர்கள்.

சொல்ல வந்தது இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வலைக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். பத்திரம் என் பேரில், கணக்கு என் பேரில். அந்த அதிகாரி ஃபைலைத் திறக்காமலே "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றார். கடைக்கு வருகிறவர்களும் தொட்டி சுமக்கிற பையனிடம்தான் விலை கேட்பார்கள், அவன் என்னைக் கைகாட்டுவான். இதில் பாலிஹவுஸ் என்ன, நிழல்வலை என்ன. கேட்டவர் பெண்ணாக இருந்தால் புரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு முதலில் போர் தண்ணீரை உப்புப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி இருக்கிறது, அங்கே போய் விசாரித்தால் வழி சொல்வார்கள். தண்ணீர் நன்றாக இருந்தால் நித்தியகல்யாணியில் ஆரம்பிக்கலாம். உப்பு ஓரளவு கூட என்றால் காகிதப்பூ பதியன் போடுங்கள், அது தாங்கும்.