பெண் தனியாகச் சரக்குப் பார்க்க சீனாவின் குவாங்சோவுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டிலோ கம்பெனியிலோ யாரோ நன்றாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு அனுப்பும்வரை எல்லாவற்றையும் கவனிக்கும் வேலை. பட்டனும் ஜிப்பும் பார்த்துவர என்னை அனுப்புகிறார்கள் என்றதும், "பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் தனியாவா?" என்றார் பெரியப்பா. ஆபீசிலும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் சீனா பக்கம் போனதில்லை.

நீங்களும் துணி சம்பந்தமாகத்தான் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஹைஜு பகுதியில் இருக்கும் ஜோங்தா சந்தைக்குப் போங்கள். மெட்ரோ 8-ஆவது லைனில் லுஜியாங் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். துணி, லேஸ், எலாஸ்டிக், லேபிள் என்று கட்டடம் கட்டடமாக இருக்கும்.

குழந்தைகள் உடுப்புக்கு நிக்கல் கலக்காத டிச் பட்டன் எங்களுக்குத் தேவைப்பட்டது. ஒரு கடைக்காரம்மா பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு பட்டன்களை மேஜைமேல் வைத்தார். விலையில் பெரிய வித்தியாசம். ஏன் என்று போனில் மொழிபெயர்த்துக் கேட்டேன். டிராயரைத் திறந்து ஒரு காந்தத்தை எடுத்தார். மலிவான பட்டன் டக்கென்று ஒட்டிக்கொண்டது, இரும்பின்மேல் முலாம். மற்றது அசையவில்லை, பித்தளை. நிக்கல் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் எடுத்துக் காட்டினார். சீனச் சரக்கு என்றாலே டூப்ளிகேட் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: நாம் கேட்கிற விலைக்கு எது வருமோ அதைத்தான் தருகிறார்கள். சீனாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். உள்ளூரில் வாங்கத்தான் எனக்கும் ஆசை. எங்களிடம் உடுப்பு வாங்கும் பையர் கேட்ட தரத்தில், கேட்ட தேதிக்குள் அப்போது இங்கே கிடைக்கவில்லை.

சந்தையை ஒட்டியே காங்லே என்ற பகுதி. அவசியம் நடந்து பாருங்கள். நெருக்கியடித்த கட்டடங்களில் மாடிக்கு மாடி தையல் பட்டறை. சிறு முதலாளிகள் சாம்பிள் உடுப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி தெருவோரம் வரிசையாக நிற்கிறார்கள். டெய்லர்கள் வந்து தையலைப் புரட்டிப் பார்த்து, ஒரு உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று பீஸ் ரேட் பேசி, ஒத்துவந்தால் கூடவே போகிறார்கள். பெரும்பாலும் ஹூபே மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை பிடிக்காவிட்டால் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள், பெண்களும்தான். அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் தொழிலில் ஷிப்மென்ட் நேரத்துக்குப் போனால் பெயர் முதலாளிக்கு, ஒரு நாள் பிந்தினாலும் பழி மெர்ச்சண்டைசருக்கு. பட்டன் வராததற்கும் நான்தான் காரணம், சாயப்பட்டறையில் ஷேடு மாறியதற்கும் நான்தான். இத்தனை வருஷ அனுபவத்துக்குப் பிறகும் கூட்டத்தில் என்னைத் தாண்டி நேற்றுச் சேர்ந்த பையனிடம் கருத்துக் கேட்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் "பெண் போகலாமா" என்று கேட்பதும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது.

பாதுகாப்பு பற்றிச் சொன்னால், இரவு மெட்ரோவில் ஒரு தொந்தரவும் இல்லை. கிளம்பும் முன்பே அலிபே என்ற சீனப் பணப் பரிமாற்ற ஆப்பில் உங்கள் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துவிடுங்கள், பெட்டிக்கடை வரை க்யூஆர் கோடுதான். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே முடக்கம், நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டால் வேலை செய்யும். சைவம் என்றால் டோஃபு (சோயா பனீர்) கேட்கும்போதே கறி வேண்டாம் என்று எழுதிக் காட்டுங்கள், கொத்துக்கறி போட்டுச் சமைப்பது சகஜம். குவாங்சோவிலேயே சியாவ்பெய் என்ற பகுதியில் இந்திய உணவகங்கள் உண்டு. சீனப் புத்தாண்டையொட்டிப் போகாதீர்கள், சந்தை மூடிக்கிடக்கும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அங்கே கான்டன் கண்காட்சி என்ற பெரிய வர்த்தகக் கண்காட்சி தொடங்குவதால் ஓட்டல் வாடகை எகிறிவிடும்.

ஒப்புக்கொண்ட சாம்பிளில் இரண்டு செட் எடுத்து, இரண்டிலும் கடைக்காரரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ஒரு செட்டை அங்கே கொடுத்துவிட்டு மற்றதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், லக்கேஜில் போடாதீர்கள்.