கேட்டுச் செய்தாலும் ஏச்சு, கேளாமல் செய்தாலும் ஏச்சு

கேள்வி: நிலாவெளியில் 14 அறை விடுதி நடத்துகிறேன். சீசனில் பெடியன்கள் தலையணை உறை மாற்றக்கூட எனக்குக் கோல் எடுக்கிறார்கள். நான் டவுனுக்குப் போனால் வேலை அப்படியே நிற்கும். பொறுப்பே இல்லையா இவர்களுக்கு?
– விடுதி உரிமையாளர்

பதில்: பொறுப்பு இருக்கிறது, பயமும் இருக்கிறது. யாரோ ஒருவர் தானாக முடிவெடுத்து உங்களிடம் எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியிருப்பார். மற்றவர்கள் அன்றே பாடம் படித்துவிட்டார்கள். வேலைப்பளு கூடி, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்த இடத்தில்தான் மன அழுத்தம் மிகுதி என்று ரொபர்ட் கரசெக் என்ற ஆய்வாளர் 1979இல் எழுதினார். மே தொடங்கினால் உங்கள் விடுதியும் அப்படித்தான்.

ஒரு கிழமை வரும் கோல்களையெல்லாம் குறித்து வையுங்கள். எதற்கெல்லாம் "ஓம், செய்" என்றே சொன்னீர்களோ, அவற்றை அவர்கள் கையிலேயே விட்டுவிடுங்கள். ஏசி பழுதென்றால் விருந்தினரை வெறும் அறைக்கு உடனே மாற்றலாம், பிறகு அறிவித்தால் போதும். குறையைச் சரிக்கட்ட ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் வரை கழிவு கொடுக்கலாம். காயம், கடலில் ஆபத்து, பொலிஸ், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்றால் மட்டும் கோல். எல்லையை இலக்கத்தில் சொல்லுங்கள். "பார்த்துச் செய்" என்பது உரிமையே அல்ல. எது சரி என்பது நீங்கள் ஏசிய பிறகுதானே அவர்களுக்குத் தெரியவரும்! எல்லைக்குள் எடுத்த முடிவு நட்டத்தில் முடிந்தாலும் முதல் மாதம் ஏசாதீர்கள், காரணத்தை மட்டும் கேளுங்கள். பெரும்பாலான முதலாளிமார் சறுக்குவது இங்கேதான்.

மற்றது, தகவல் கைமாறும் இடம். 1988இல் வட கடலில் பைப்பர் அல்பா எண்ணெய்த் தளம் எரிந்து 167 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பை, அது தெரியாமல் இரவு வேலைக்காரர் இயக்கியதில் தொடங்கிய விபத்து அது. உங்களிடம் தவறுவது புறாத்தீவுக்குக் காலையில் போகிறவரின் சாப்பாட்டுப் பார்சலாக இருக்கலாம். தவறும் விதம் ஒன்றுதான். வரவேற்பு மேசையில் ஒரே கொப்பி வையுங்கள். பழுதான அறை, விருந்தினருக்குக் கொடுத்த வாக்கு, வரவேண்டிய சாமான், கையிலுள்ள காசு ஆகியவை அதில் இருக்கட்டும். வேலை மாறும்போது 10 நிமிடம் இருவரும் ஒன்றாக நிற்க வேண்டும். போகிறவர் வாசிக்க, வருகிறவர் தன் சொல்லில் திருப்பிச் சொல்லி ஒப்பமிடட்டும். வட்ஸ்அப் குழு இதற்கு ஈடாகாது; காலை வணக்கப் படங்களுக்குள் 7ஆம் அறையின் தண்ணீர்க்குழாய் காணாமல் போய்விடும்.

சமையற்காரருக்குச் சிங்களம் மட்டும் தெரியுமென்றால், ஓடர் துண்டில் அறை, அளவு, உறைப்பு மூன்றையும் இலக்கத்தில் எழுதப் பழக்குங்கள். உறைப்பில்லாததற்கு 0, அளவானதற்கு 1, நல்ல உறைப்புக்கு 2.

கேள்வி: எதைக் கேட்டாலும் எங்கள் முகாமையாளர் பதில் சொல்வதில்லை. தாமதமானால் பழி எனக்கு. என்ன செய்ய?
– அலுவலக ஊழியர், உப்புவெளி

பதில்: "என்ன செய்ய" என்று அவரிடமும் கேட்காதீர்கள். "இப்படிச் செய்யப் போகிறேன். வேறு விதம் வேண்டுமானால் 3 மணிக்குள் சொல்லுங்கள் சேர்" என்று எழுத்தில் அனுப்புங்கள். பணமும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்டவற்றில் மட்டும் இது கூடாது. அவற்றுக்கு நேரில் போய் ஒப்பம் வாங்குங்கள்.