வாசகர் கேள்வி - பதில்: கடல் கடந்து வரும் சத்திரசிகிச்சை ஆய்வுகள்

கேள்வி: மலையக அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் சத்திரசிகிச்சைப் பிரிவில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் காயத்தில் ஏற்படும் கிருமித்தொற்றைப் பற்றி எங்களோடு இணைந்து ஆய்வு செய்ய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று முன்வந்துள்ளது. வினாக்கொத்து தயாராகவே வந்துவிட்டது. நோயாளர்களைச் சேர்ப்பதும் 30 நாள் பின்தொடர்வதும் எங்கள் பொறுப்பாம். கட்டுரையின் முடிவில் எங்களுக்கு நன்றி தெரிவிப்பார்களாம். இதற்கு ஒப்புக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: நன்றியுரை உங்கள் மனதை உறுத்துவது நியாயமே. ஆனால் அதைவிடப் பெரிய குறை, வினாக்கொத்து தயாராகவே வந்துவிட்டது என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருப்பதில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அப்படி வந்த வினாக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பெண்டிக்ஸ் சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாவது வாரமே அந்தப் பெண் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டார். போகாவிட்டால் பேர் விழாது, சம்பளம் இல்லை. இடுப்பில் படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருந்தார், அந்தக் கயிறு சரியாகத் தையல் தழும்பின் மேலேயே அழுத்திக்கொண்டிருந்தது. தழும்பின் ஓரம் சிவந்து கசிந்திருந்தது. என் கையிலிருந்த தாளோ, அவர் புகைபிடிப்பவரா, வீட்டில் குழாய்த் தண்ணீர் உண்டா என்றெல்லாம் கேட்டது. எத்தனையாவது நாளில் வேலைக்குத் திரும்பினீர்கள் என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. கயிற்றைப் பற்றி எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லாததால், ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்பு கணினிக்குப் போகவேயில்லை. தவறு என்னுடையதும்தான், ஏனென்றால் வினாக்கொத்து வந்த அன்றே வாய் திறந்திருக்க வேண்டியவன் நான்.

ஆகவே, கேள்விகளைத் திருத்தும் உரிமை எங்களுக்கு வேண்டும், திருத்தி முடிக்கும்வரை நோயாளர்களைச் சேர்க்க மாட்டோம் என்பதே உங்கள் முதல் நிபந்தனையாக இருக்கட்டும். கேள்வி இடத்துக்குப் பொருந்தினால் விடையும் இடத்துக்குப் பயன்படும் என்பதற்கு 2022இல் வெளிவந்த 'சீட்டா' ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றினால் தொற்றுக் குறையுமா என்று இந்தியா, கானா, ருவாண்டா உள்ளிட்ட 7 நாடுகளின் 81 வைத்தியசாலைகளில் 13,301 நோயாளர்களிடம் அந்த ஆய்வுக் குழுவினர் ஆராய்ந்தார்கள். வழமையான முறையில் 18.9 வீதமாக இருந்த தொற்று, மாற்றிய பிரிவில் 16.0 வீதமாக இருந்தது. கோடிக்கணக்கான ரூபா இயந்திரம் எதுவும் வேண்டாத, எங்கள் தியேட்டரிலும் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் அது.

பெயர் விடயத்துக்கு வருகிறேன். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, ஒருவர் கட்டுரையாசிரியராகப் பெயர் பெறுவதற்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ, தரவைத் திரட்டுவதிலோ பகுப்பாய்வதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுதல் அல்லது ஆழமாகத் திருத்துதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், ஆய்வுக்குப் பொறுப்பேற்றல். 'தரவு மட்டும் சேர்த்தவர்கள் ஆசிரியர் ஆக முடியாது' என்று இந்த விதியைக் காட்டியே பலர் எங்களை நன்றியுரைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் முதல் தகுதி உள்ளவருக்குக் கட்டுரையை எழுதவும் திருத்தவும் ஒப்புதல் அளிக்கவும் வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று அதே குழுதான் சொல்கிறது. கட்டுரையை எங்களுக்குக் காட்டாமல் விட்டுவிட்டு, 'நீங்கள் திருத்தவில்லையே' என்று சொல்வது, இலை போடாமல் 'ஏன் சாப்பிடவில்லை' என்று கேட்பது போன்றது. யார் முதல் வரைவை எழுதுவது, யார் பெயர் எங்கே வருவது என்பதை ஆய்வு தொடங்குமுன் எழுத்தில் வாங்குங்கள். அதோடு உங்கள் பிரிவின் இளம் மருத்துவர் ஒருவர் புள்ளிவிபரப் பகுப்பாய்வில் உடனிருந்து கற்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரவை அனுப்பிவிட்டு முடிவை இதழில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை அடுத்த தலைமுறைக்கும் வேண்டாம்.

ஆய்வு நோயாளர்களின் நலனையும் உரிமையையும் மதிக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுக்கள் இரு நாட்டிலும் அனுமதி தர வேண்டும் என்று, மனிதரிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைகளான, 2024இல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம் கூறுகிறது. அவர்கள் நாட்டு அனுமதியைக் காட்டி இங்குள்ள குழுவைச் சுற்றிப்போக இடம் கொடுக்காதீர்கள். நோயாளர்களை இரு பிரிவாக்கி வெவ்வேறு சிகிச்சை தருவதாக இருந்தால், இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவதும் அவசியம்.

பணத்தைப் பேசக் கூச்சப்பட வேண்டாம். 30ஆம் நாள் தொலைபேசி எடுத்தால் சிக்னல் இல்லாத தோட்டத்து மேற்பிரிவுகள் உண்டு. அங்கே ஆட்டோவில் போய்வரும் செலவு உங்கள் தாதியின் கைப்பையிலிருந்து போகக்கூடாது. போன இடத்தில் சீழ் பிடித்த காயத்தைக் கண்டால், அந்த நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் செலவும் அவருடைய நாட்சம்பள இழப்பும் யார் கணக்கில் என்பதையும் திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அம்மா ஒரு ஹேர்னியா ஆய்வில் கையெழுத்திட்டுவிட்டார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது, தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் நின்று 'போடுங்க' என்றாராம். இப்போது விலகினால் கிளினிக்கில் பார்க்க மாட்டார்கள் என்று பயப்படுகிறார்.
- ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: காரணம் சொல்லாமலேயே அம்மா எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை எவ்விதத்திலும் குறையக்கூடாது. விளங்காத மொழியில் இருந்த தாளில், தட்டிக்கேட்க முடியாத ஒருவர் பக்கத்தில் நிற்க வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்வதற்கில்லை. நோயாளர் யாரையாவது சார்ந்திருக்கும் நிலையில், அந்த உறவுக்கு அப்பாற்பட்ட தகுதியான ஒருவரே சம்மதம் கேட்க வேண்டும் என்பது ஹெல்சிங்கிப் பிரகடனத்திலேயே உள்ளது. அம்மாவிடம் தந்த தகவல் தாளில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். அங்கே நடந்ததைச் சொல்லி, இதுவரை எடுத்த விபரங்களை என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். தாளே தரவில்லை என்றால் முதலில் அதையே முறைப்பாடாகச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு அம்மா வழக்கம்போல் கிளினிக் கொப்பியோடு போகட்டும், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.