பசுமைச் சமையலறைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தென்காசி மாவட்டம் புளியரையில் வசிக்கிறோம். கணவருக்குப் புனலூரில் ஒரு கடையில் கணக்கு வேலை, நான் தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் 52,000 ரூபாய் வருகிறது. செலவு போக 14,000 மிஞ்சும். வங்கியில் 3 லட்சம் டெபாசிட் உள்ளது. மூத்த மகள் இன்னும் இரண்டு ஆண்டில் கல்லூரிக்குப் போவாள். மாமியாரோடு சேர்த்து வீட்டில் ஐந்து பேர், தொழுவத்தில் இரண்டு பசுக்கள். இருபது வருடப் பழைய சமையலறையைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி மாற்ற ஆசை. கேரளாவிலுள்ள ஒரு இன்டீரியர் நிறுவனம் மூங்கில் கதவு, குவார்ட்ஸ் மேடை, சிம்னி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஆர்.ஓ., மின்சார உரமாக்கி எல்லாம் சேர்த்து 4.8 லட்சம் கேட்கிறது. 4 லட்சம் தனிநபர் கடன் (14 சதவீதம், 5 ஆண்டு) வாங்கி, மீதியை டெபாசிட்டிலிருந்து எடுக்கலாமா? அப்படியே சோலாரும் போடலாமா?

பதில்: ஆசை நல்லதுதான். அந்த 4.8 லட்சம் பட்டியல்தான் உங்கள் வீட்டைப் பார்த்துப் போட்டதாகத் தெரியவில்லை. தொழுவத்தில் இரண்டு மாடு நிற்கிற வீட்டுக்குக் காய்கறித் தோலை உரமாக்க மின்சார மிஷின் எதற்கு? தோலும் கழுநீரும் மாட்டுத் தொட்டிக்குப் போகட்டும். அந்த ஒரு வரியை இப்போதே அடித்துவிடுங்கள்.

முதலில் கடனைப் பார்ப்போம். 4 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 9,300 ரூபாய். ஐந்து ஆண்டில் வட்டி மட்டும் 1.58 லட்சம். நீங்கள் மிச்சம் பிடிக்கும் 14,000-இல் மூன்றில் இரண்டு பங்கு தவணைக்கே போய்விடும், அதுவும் மகளின் கல்லூரிக் கட்டணம் தொடங்கும் சமயத்தில். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? 18 சதவீதம் தனி என்றால் 86,400 ரூபாய் கூடி, தொகை 5.66 லட்சத்தைத் தாண்டும். கீல் கழன்றால் கேரள எல்லைச் செக்போஸ்ட் தாண்டி ஆள் வருவாரா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கடன் வேண்டாம். அலமாரி ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தராது.

திருப்பித் தரக்கூடியது எரிபொருள். இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'கேஸை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால் மிச்சம்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பு செய்ய ஏறக்குறைய 140 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.70, 500 வரை 6.30, 600 வரை 8.40. பில் 799 ரூபாய். மாதம் ஒரு சிலிண்டரை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றினால் 600 யூனிட் ஆகும். 500-ஐத் தாண்டிவிட்டதால் அந்த 2.35 சலுகையும் போய், பில் 2,880-க்கு ஏறும். கூடுதல் 2,081 ரூபாய். சிலிண்டர் 900 என்றால் நீங்கள் மிச்சப்படுத்தியது இரண்டு சிலிண்டருக்கு 1,800. ஆக, கையிலிருந்து 281 ரூபாய் போகும்.

பாதிச் சமையலை மட்டும் மாற்றினால் 460 யூனிட், பில் 1,553. ஒரு சிலிண்டருக்குப் பதில் 754 ரூபாய், கொஞ்சம் லாபம். அதனால் பால், டீ, தோசைக்கு என்று ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. 500 யூனிட் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சோலாருக்கும் இதே கணக்குதான். பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் இரண்டு மாதத்துக்கு 799 ரூபாய் கட்டுகிறவர் மொத்தப் பில்லையும் ஒழித்தாலே ஆண்டுக்கு 4,800-க்குள்தான் மிச்சம். மானியம் போக 70,000 கைக்காசு போட்டால் அதை எடுக்கப் பதினான்கு, பதினைந்து வருடம். புளியரையில் சாரல் மாதங்களில் வானம் மூடியே கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல் முழுவதும் மின்சாரத்துக்கு மாறி, ஏ.சி.யும் வந்தபிறகு பில் 3,000-ஐத் தொட்டால் அப்போது போடுங்கள்.

உங்களுக்கு அதைவிட நல்ல வழி தொழுவத்தில் இருக்கிறது. கட்டிப்போட்டு வளர்க்கும் இரண்டு பசுக்களிடமிருந்து நாளுக்கு 20 முதல் 25 கிலோ சாணம் கிடைக்கும். அது ஏறத்தாழ ஒரு கன மீட்டர் சாண எரிவாயு. ஒரு கன மீட்டர் சுமார் 0.45 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம், மாதத்துக்கு 13 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர்! ஏட்டுக் கணக்கு இது. மாடு மேய்ச்சலுக்குப் போனால் சாணம் குறையும், குளிர்ந்த ஈரக் காற்றில் வாயு மந்தமாகத்தான் ஊறும். ஆகவே ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் மிச்சம் என்று மட்டும் நம்புங்கள், 7,200 ரூபாய். கேஸ் இணைப்பை விட்டுவிடாதீர்கள். வெளியே வரும் சாணக் கரைசல் தென்னைக்கு உரம், அதற்கு நான் காசு போடவில்லை. தினமும் சாணத்தைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றப்போவது யார் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அது மாமியார் தலையில் விழுந்தால் ஆறு மாதத்தில் தொட்டி காய்ந்துவிடும்.

ஆர்.ஓ. வாங்கும் முன் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, அளந்து பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை. அப்படிப்பட்ட இடங்களில் அதைத் தடுக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் சொன்னது. சுத்திகரித்த தண்ணீரைவிட வெளியே தள்ளும் தண்ணீர் அதிகமாக இருக்கும் கருவி அது. கிருமிதான் கவலை என்றால் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சிம்னிக்குப் பதில் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனும் திறக்கிற ஜன்னலும் போதும்.

மேடை பழையது என்கிறீர்கள். கருங்கல்லோ கடப்பைக் கல்லோ, உடையாமல் இருந்தால் இருக்கட்டும். பாலிஷ் மட்டும் போடுங்கள். குவார்ட்ஸ் மேடை என்பது கல்தூளைப் பிசினில் பிணைத்துச் செய்தது, சூடான குக்கரை அப்படியே இறக்கினால் தடம் விழலாம். கதவுகளுக்கு மூங்கில் எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. உங்களைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள். பால் வற்றியபின் வெட்டும் மரத்தைப் பூச்சி அரிக்காதபடி பதப்படுத்திப் பலகையாக்குகிறார்கள். செங்கோட்டை மரக்கடைகளில் கேட்டுப் பாருங்கள், பழைய வீடு இடித்த தேக்கு, அயினி கிடைத்தால் இன்னும் நல்லது. மரநாரையும் தூளையும் அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு மட்டும் வேண்டவே வேண்டாம். சாரல் ஈரத்துக்கு ஊதிவிடும்.

ஆக, சாண எரிவாயுவுக்கு 40,000, மரவேலைக்கு 70,000, கல் பாலிஷ், ஃபேன், குழாய், ஒற்றை இண்டக்‌ஷன் என்று இன்னொரு 30,000. மொத்தம் 1.4 லட்சம். உங்கள் மாத மிச்சத்தை ஆர்.டி.யில் போட்டால் பத்தே மாதம். அவசரம் என்றால் எரிவாயுத் தொட்டியை முதல் மூன்று மாத மிச்சத்திலேயே கட்டிவிடலாம், மரவேலை பொறுத்து நடக்கட்டும். 3 லட்சம் டெபாசிட்டைத் தொடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு அது எட்டு மாதச் செலவு. அதன்பிறகு வரும் 14,000 மகளின் படிப்புக்கு.

குழி தோண்டுவதற்கு முன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சாண எரிவாயு மானியம் இப்போது திறந்திருக்கிறதா என்று கேட்டு, விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். கட்டி முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் மானியம் கிடைப்பது கஷ்டம்.