நம்பர் பிளேட்டைப் பார்த்து எழுதப்பட்ட செய்தி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள வண்டிப்பெரியாற்றில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சாரம் இது:

“ஐயா, என் தம்பி கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். போன மழைக்காலத்தில் குமுளியில் வண்டி திருப்பும்போது இன்னொரு ஜீப்காரரோடு தகராறு. கண்ணாடி உடைந்தது. அன்று ராத்திரியே ‘தமிழ்நாட்டு வண்டிகளை அடித்து நொறுக்குகிறார்கள், யாரும் மேலே போகாதீர்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஆடியோ வந்தது. பயத்தில் நானும் நாலு குரூப்புக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் ‘தமிழர் ஜீப் மீது தாக்குதல்’ என்று மூன்று பத்தித் தலைப்பு. மலையாளப் பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை. அடித்தவரும் தமிழர்தான். வண்டி மட்டும் கேரளப் பதிவு. இரண்டு நாள் ஜீப்பில் ஆள் ஏறவில்லை, கூலி போனது. இப்போது அணையைப் பற்றி என்ன வந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. யாரைத்தான் நம்புவது? அந்தத் தப்பான செய்தியை என்ன செய்வது? நான் அனுப்பியதால் கேஸ் வருமா? கடைக்கு இரண்டு மொழிப் பேப்பரும் வருகிறது. எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். மகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறாள், இரண்டும் வாசிப்பாள்.”

அம்மா, உங்கள் கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த மூன்று பத்தித் தலைப்பு எப்படிப் பிறந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டச் செய்திகளை எடிட் செய்யும் மேஜையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான்.

உங்கள் ஊர்ப் பக்கம் செய்தி கொடுப்பவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபராக இருப்பார். அவருக்கு முழுச் சம்பளம் கிடையாது. பல பத்திரிகைகளில் விளம்பரமும் அவர்தான் பிடித்துத் தர வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு விஷயம் காதில் விழுகிறது. ஸ்டாண்டில் தெரிந்தவருக்குப் போன் போடுகிறார். “கேஎல் 37 வண்டிக்காரன் டிஎன் 60 வண்டியை அடிச்சுட்டான்” என்று பதில் வருகிறது. முதல் எண் வண்டிப்பெரியாறு, இரண்டாவது தேனி. அதை அப்படியே மேஜைக்குச் சொல்கிறார். சமவெளியில் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியருக்கு கேஎல் என்றால் மலையாளி, டிஎன் என்றால் தமிழர். பக்கம் முடிக்க இன்னும் ஒரு மணி நேரம்தான். தலைப்பு வந்துவிட்டது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்டாண்டுக்காரர் சொன்ன நம்பர் சரி, நிருபர் அனுப்பியதும் சரி. தலைமுறை தலைமுறையாகக் கேரள ரேஷன் கார்டோடு தேயிலைக் காட்டிலும் ஏலக்காட்டிலும் தமிழ் பேசி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் அந்த மேஜைக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இன்னொரு போன் போட்டு அடித்தவரிடமோ குமுளி ஸ்டேஷனிலோ கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மறு தரப்பைக் கேட்பது பத்திரிகை வேலையின் அரிச்சுவடி. இரு சமூகங்களுக்கு இடையிலான பிரச்சினை என்றால் நன்றாகச் சரிபார்த்த பிறகு, நிதானமான வார்த்தைகளில்தான் வெளியிட வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் சொல்கின்றன. அந்தத் தலைப்பிலிருந்து ‘தமிழர்’ என்ற ஒரே சொல்லை எடுத்துப் பாருங்கள். ஏழாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் போக வேண்டிய கண்ணாடி உடைந்த செய்திதான் மிஞ்சும்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளிச் சாலை அடைபட்டுக் கிடந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் மலைப்பாதை வழியே நடந்து இறங்கி வந்தார்கள். ஒரு ராத்திரி, கம்பம்மெட்டு வழியாகப் புறப்பட்ட ஐந்து பெண்கள் வந்து சேரவில்லை என்று போன் வந்தது. சொன்னவர் அழுதுகொண்டே சொன்னார். நான் ‘ஐந்து பெண்கள் மாயம்’ என்று தலைப்பு வைத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் பாதையை மாற்றிப் போடிமெட்டு வழியாக இறங்கி, போடியில் சொந்தக்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு மறுநாள் எத்தனை பேர் எந்த மலையாளி கடை முன்னால் போய் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். திருத்தம் இரண்டு நாள் கழித்து உள்பக்கத்தில் நாலு வரியில் வந்தது. இன்றுவரை அந்த நாலு வரி எனக்கு உறுத்துகிறது.

சரி, அப்படியானால் பேப்பரும் வாட்ஸ்அப்பும் ஒன்றுதானா? இல்லை. பத்திரிகையின் கடைசிப் பக்க அடியில் பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை படியுங்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. 2024 மார்ச் முதல் புதிய சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் செய்திக்குப் பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பு என்பது மாறவில்லை. என் நாலு வரித் திருத்தம் வந்ததே அதனால்தான். உங்களுக்கு வந்த ஆடியோவில் பேசியவர் யார்? எந்த நாள், எந்த இடம்? எதுவும் இல்லை. அதற்குத் திருத்தம் போட ஆளே கிடையாது. அடுத்த வருஷமும் மழையோடு அது திரும்பி வரும், பாருங்கள்.

பெயர் போட்டிருப்பதால் மட்டும் பத்திரிகை சொல்வது உண்மையாகிவிடாது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சம்பந்தமில்லாத பழைய தகராறுகளின் காட்சிகள் அவை என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. அந்த வதந்தியை வட இந்தியாவில் இந்தி நாளிதழே செய்தியாக்கி, வழக்கு வரை போனது. போனில் பிறந்த பொய் அச்சுக்கு ஏறியதும் அதற்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. உங்கள் விஷயத்திலும் அந்த ஆடியோவைக் கேட்டுத்தான் நிருபருக்கு வேகம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி சார்பு. பொய் வேறு, சார்பு வேறு. அணைச் செய்தியை வைத்துச் சொன்னால் உங்களுக்கு எளிதாகப் புரியும். நீர்மட்டம் 136 அடியைத் தொட்டது என்று வைத்துக்கொள்வோம். கம்பத்தில் விற்கும் பேப்பர் ‘விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று எழுதும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது, அதை வாங்கிப் படிப்பவரும் அந்த விவசாயிதான். அதே நாள் மலையாளப் பேப்பர் ‘ஆசங்க’ என்று எழுதும். கவலை என்று அர்த்தம். வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதரா என்று ஆற்றங்கரையில் இருப்பவர்கள் அதன் வாசகர்கள். 136 அடி இரண்டிலும் ஒன்றுதான், யாருக்காக எழுதப்பட்டது என்பதுதான் வேறு.

2021 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாறு அணையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்று கேரளத்தில் நடிகர்கள் சமூக ஊடகத்தில் எழுதினார்கள், இங்கே தேனியில் உருவ பொம்மை எரித்தார்கள். 29ஆம் தேதி கேரள அமைச்சர்கள் அணையில் இருக்கும்போது மதகுகள் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டில் பேச்செல்லாம் திறந்தது யார், நம் உரிமை என்ன ஆனது என்பதைப் பற்றித்தான். திறந்தது நம் அதிகாரிகள்தான் என்று நம் அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. கேரளத்தில் கரையோர மக்களின் பாதுகாப்பே பேச்சாக இருந்தது.

எனக்கு வருத்தம் தரும் விஷயம் இதற்கு நடுவே இருக்கிறது. ஆற்றங்கரையில் தமிழ் பேசிக்கொண்டு, ராத்திரி தண்ணீர் ஏறுமா என்று விழித்திருக்கும் உங்களைப் போன்றவர்கள் இரண்டு கதையிலும் வருவதில்லை. தமிழ்ப் பத்திரிகைக்கு உங்கள் பயம் சங்கடம், மலையாளப் பத்திரிகைக்கு உங்கள் மொழி சங்கடம். எழுதாமல் விடுவதும் சார்புதான், அதைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் மலையாளப் பேப்பர் ஒரு வரி போடாததை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கண்ணாடி உடைந்த தகராறு அவர்களுக்குச் செய்தியாகப் படவில்லை, அவ்வளவுதான். அன்று சரியாக நடந்துகொண்டது அந்த மௌனம்தான்.

அணை பற்றிய எண்கள் வந்தால் பதறாமல் இருக்க ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முல்லைப் பெரியாற்றின் மட்டத்தை அணையின் அடியிலிருந்து அளக்கிறார்கள். தேக்கக்கூடிய அளவு 142 அடி, இது 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இடுக்கி அணையின் மட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்கிறார்கள். அதன் முழு அளவு 2,403 அடி. ‘அணை 2,380 அடியைத் தாண்டியது’ என்று வந்தால் அது இடுக்கிக் கணக்கு. அணை பெயரே இல்லாமல் எண் மட்டும் வந்தால் படிக்கவே வேண்டாம். வீடியோ என்றால் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். 2018 வெள்ளத்தின் காட்சிகள் புதிதுபோல் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. உங்கள் குரூப்பில் போட்டவர் சொந்தக்காரராகவே இருக்கட்டும், சொன்னது அவர் இல்லை. இதற்கெல்லாம் மேலே, குமுளி ஜீப் ஸ்டாண்டில் தெரிந்த ஒருவருக்கு ஒரு போன். மேஜையில் இருந்த எங்களைவிட உங்களுக்கு அது சுலபம்.

பத்திரிகையில் படிக்கும்போதும் சில சொற்களில் நின்று பாருங்கள். ‘என்று கூறப்படுகிறது’ என்றால் கூறியது யார்? ‘பரபரப்பு’, ‘பதற்றம்’ என்றால் யார் பதறினார்கள், எத்தனை பேர்? செய்திக்குள் ஒரு காவல் அதிகாரியோ மருத்துவரோ சம்பந்தப்பட்டவரோ பேசவே இல்லை என்றால், அந்தச் சொல் மேஜையில் சேர்க்கப்பட்டது. நானே நிறையச் சேர்த்திருக்கிறேன்.

இப்போது புகார். முதலில் ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். செய்தியைத் தேதியோடு கத்தரித்து வைத்து, எந்த வரி தப்பு, சரியானது என்ன, அதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஸ்டேஷனில் ரசீது ஏதாவது கொடுத்திருந்தால் நகல் வையுங்கள். தம்பி பெயரில், அவர் கையெழுத்தோடு போவது நல்லது. பல இடங்களில் இதற்கே மறுப்பு வந்துவிடும். த இந்து ஆங்கில நாளிதழ் 2006லேயே வாசகர் குறைகளைப் பார்க்கத் தனி ஆசிரியரை நியமித்தது. மற்ற பத்திரிகைகளில் ஆசிரியரே கதி. பதில் வராவிட்டால் டெல்லியில் உள்ள இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு எழுதலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். போன மழைக்காலத்துச் செய்திக்கு அது தாண்டியிருக்கும், அதனால் உங்களுக்கு ஆசிரியர் கடிதம்தான் வழி. அடுத்த முறைக்குத் தேதியை நினைவில் வையுங்கள். மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. அது போதாது என்றே நான் நினைக்கிறேன். டிவி அந்த மன்றத்துக்குள் வராது. சேனலுக்கே எழுத வேண்டும், 2021ஆம் ஆண்டுக் கேபிள் டிவி விதிகளின்படி 15 நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

நீங்கள் அனுப்பியதற்குக் கேஸ் வருமா? பொதுமக்களிடம் பீதியைக் கிளப்பும் வதந்தியைப் பரப்பினால் மூன்று வருஷம் வரை சிறை என்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆவது பிரிவு சொல்கிறது. நோக்கத்தைப் பார்ப்பார்கள். பயத்தில் அனுப்பியவரையும் வேண்டுமென்றே கிளப்பிவிட்டவரையும் சட்டம் ஒரே தராசில் வைப்பதில்லை. ஆனால் ‘நான் எழுதவில்லை, ஃபார்வர்டுதான் செய்தேன்’ என்று தப்பிக்கவும் முடியாது. அப்படி அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அந்த வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. அதனால் இன்றைக்கே அந்த நாலு குரூப்பிலும் உங்கள் குரலிலேயே ஒரு ஆடியோ போடுங்கள்: “அன்று நான் அனுப்பியது தப்பு. அது வண்டி திருப்பும்போது நடந்த தகராறு. இரண்டு பேரும் தமிழர்தான்.” பெயர், ஊர், தேதி சொல்லிப் பேசுங்கள்.

கடைசியாக, உங்கள் மகள். மேஜையில் இருந்த வருஷங்களில் மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லையே என்று நான் ஏங்காத மழைக்காலம் இல்லை. சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும், அணைச் செய்தி வந்த நாளில் மட்டும், மலையாளப் பேப்பரை அவளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், தமிழ்ப் பேப்பரை நீங்கள் வாசியுங்கள். இரண்டிலும் ஒன்றாக வரும் வரிகளைப் பேனாவால் அடிக்கோடு போடட்டும். எண், இடம், நேரம் என்று நாலைந்து வரி தேறும். அன்றைக்கு ராத்திரி தம்பிக்குப் போன் போட்டால், அந்த வரிகளை மட்டும் சொல்லுங்கள்.